தடைக்காலக் கணக்கு

மே 4, 2025, ஞாயிறு, மண்டபம்

மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. கரையோரம் முழுக்கப் பெயின்ட் வாடை. அப்பா பல் துலக்கிய கையோடு கேட்ட முதல் கேள்வி: "பட்டியல் எங்கே?"

பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளில் யாருக்குச் சேர்க்கைப் பணம் தேவைப்படும் என்ற பட்டியல் அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1971இல் ஊர் திரும்பிய அப்பா, இந்தப் பகுதிப் பழைய மாணவர்களைச் சேர்த்துச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் மே மாதம் இப்படித்தான் பிறக்கிறது. கல்லூரி வாசலை மிதிக்காத அம்மாதான் எல்லா உறைகளிலும் முகவரி எழுதினார். யார் வேலை மாறினார், யார் வீடு மாறினார் என்பதை இன்றும் அம்மாவிடம்தான் கேட்கிறோம்.

மே 9, வெள்ளி

நேற்று முடிவுகள் வந்துவிட்டன. தொலைபேசி ஓயவில்லை.

மாலையில் பாம்பனில் ஒரு வீட்டுக்குப் போனேன். பெண் நல்ல மதிப்பெண். தந்தை விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், தாய் தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கிறவர். படகு கட்டிக் கிடக்கிறது. பாசியையும் இந்த மாதங்களில் வளர விட்டுவிடுகிறார்கள். இரண்டு வருமானமும் ஒரே சமயத்தில் நிற்கின்றன. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அரிசிக்கடை பாக்கியே அதற்கு மேல் இருக்கும். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் அது கல்லூரியில் சேர்ந்த பிறகு. சேருவதற்கு?

அந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தேன். பாறையில் உரசாமல் இருக்கச் சுற்றும் துணியின் தடம், வேலை இல்லாத நாளிலும் வெளுப்பாகத் தெரிந்தது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தேநீர் கொடுத்தார், சர்க்கரை தூக்கலாக.

மே 27, செவ்வாய்

கணக்கு நாள். நன்கொடையாளர்கள் வரிவிலக்கு கேட்கக் காட்டும் 10பிஇ சான்றிதழ் அவர்களுக்கு மே 31க்குள் போய்ச் சேர வேண்டும். மகள் கணினியில் உட்கார, அப்பா பழைய ரசீதுப் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு பக்கத்தில். அவருக்கு அவை இல்லாமல் கணக்கு ஓடாது. 1979ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. கார்பன் தாளின் ஊதா மங்கி, "ரூபாய் ஐந்து மட்டும்" என்பது மட்டும் இன்னும் படிக்க முடிகிறது. கொடுத்தவர் உப்பளத்துக் கணக்குப்பிள்ளை. அவருடைய பேரன் இன்று எங்கள் பொருளாளர்.

இரண்டு தொல்லைகள். ஒருவர் 5,000 ரூபாயை ரொக்கமாகத் தந்துவிட்டு 80ஜி பிரிவு வரிவிலக்குக்குச் சான்றிதழ் கேட்கிறார். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் வரிவிலக்கு கிடையாது, புதிய வரிமுறைக்கு மாறியவருக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. அவர் மாறியிருக்கிறார். "அப்படியானால் எனக்கு என்ன பயன்?" என்றார். பதில் சொல்லாமல் ரசீது மட்டும் கொடுத்தேன்.

மற்றது, சித்தப்பா மகன். கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டான். வெளிநாட்டு நன்கொடைக்கான பதிவு நம் சங்கத்துக்கு இல்லாததால் இனி அவனிடம் வாங்கக் கூடாது. சார்ஜாவில் இருக்கும் அண்ணன் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டில் இருப்பதால் அவனிடம் வாங்கலாம். ஒரே தாத்தாவின் பேரன்கள்! சித்தப்பா மகனுக்கு வருத்தம். பணத்தை இங்கே இருக்கும் தன் தந்தையிடம் கொடுத்து அவர் பெயரில் கட்டச் சொல்லட்டுமா என்றான். அப்பா ஒரே சொல்லில் "வேண்டாம்" என்றார். ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 3, செவ்வாய்

பாம்பன் பெண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டது. விடுதி முன்பணத்தை ஐந்தே நாளில் முழுதாகக் கட்டச் சொல்கிறார்கள். தவணை கேட்டதற்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கல்லூரியின் பெயரை எழுதி என்ன ஆகப்போகிறது. அங்கேதான் அவள் மூன்று வருடம் இருக்க வேண்டும்.

சங்கத்தின் பணம் வங்கியில் இருக்கிறது. எடுக்க முடியாது. உதவித்தொகை ஜனவரி ஆண்டு விழாவில், மேடையில், பொன்னாடைகளுக்கு நடுவே வழங்கப்படும் என்பது விதி. அண்ணன் அனுப்பியதும் நான் போட்டதுமாகச் சேர்த்து இன்று கட்டிவிட்டேன். வருடா வருடம் இப்படித்தான் ஏதாவது நடக்கிறது. வீட்டுப் பணத்தில் ஓட்டிக்கொண்டே போனால் விதியை யார் மாற்றுவார்கள்?

அந்த மேடையில் கலாமைப் பற்றிப் பேசாதவர் இல்லை. சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேர அவருக்கு ஆயிரம் ரூபாய் போலத் தேவைப்பட்டபோது, அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைக்கக் கொடுத்தார் என்று குரல் தழுதழுக்கச் சொல்வார்கள். அந்த அக்கா சேர்க்கை நேரத்தில் கொடுத்தார், ஐயா. ஜனவரி வரை வளையலைக் கையில் போட்டுக்கொண்டு காத்திருக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

நள்ளிரவோடு தடை முடிந்தது. காலையிலிருந்து படகுகளில் ஐஸும் டீசலும் ஏற்றுகிறார்கள். முதல் முறை கடலுக்குப் போய்க் கொண்டுவரும் இறால் பணம் முன்பணக் கடனுக்கே போய்விடும். கூலிக்காரர் கையில் காசு புரள இன்னும் நாளாகும்.

ஜூலை 13, ஞாயிறு, ராமநாதபுரம்

சங்கப் பொதுக்குழு. உதவித்தொகையை மே மாதக் கடைசியிலேயே நேரடியாகக் கல்லூரிக் கணக்கில் கட்ட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். மேடை வேண்டாம், புகைப்படம் வேண்டாம்.

எதிர்ப்பு நியாயமாகத்தான் இருந்தது. "படம் இல்லையென்றால் அடுத்த வருடம் கொடுப்பவர்கள் குறைவார்கள்" என்றார் துணைத்தலைவர். உண்மைதான், சிலர் குறைவார்கள். அப்பா எழுந்து கொள்கை எதுவும் பேசவில்லை. "கொடுத்தவர்களைப் படம் எடுங்கள். வாங்கியவர்களை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் சிரிப்பு. பொருளாளர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

பாதி வெற்றி. மொத்தத் தொகையில் பாதி மே மாதத்தில், மீதி வழக்கம்போல ஜனவரியில். பொன்னாடைச் செலவைக் குறைக்கும் தீர்மானம் தோற்றுவிட்டது. அதற்குக் கை தூக்கியவர்கள் நானும் அப்பாவும் பொருளாளரும்தான். திரும்பும்போது பஸ்ஸில் அப்பா அடுத்த பட்டியலுக்கான பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். இந்த முறை பத்தாம் வகுப்பிலிருந்தே எடுக்க வேண்டுமாம். பேனா இல்லை, கைப்பேசியில் தட்டிக்கொண்டேன். உச்சிப்புளி வருவதற்குள் ஏழு பெயர்.