இன்னும் ஒரு வெயில்

"ஏண்டி, புள்ளைய என்ன வடகம் மாதிரி காயப் போட்டிருக்க?"

வீடியோ அழைப்பில் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு எல்லாம் அப்புறம் வந்தது. கனடாவில், எட்மன்டனில் அப்போது காலை பத்து மணி, வேலூரில் இரவு ஒன்பதரை. ஆகஸ்ட் கடைசி வாரம். வெளியே 24 டிகிரி. எங்கள் நான்கு வயது மகள் பின்கட்டுப் புல்லில், காற்றடைத்த ரப்பர் தொட்டியில், முதுகை வெயிலுக்குக் காட்டிக் குப்புறக் கிடந்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு நானும் காய்ந்துகொண்டிருந்தேன். அதை அம்மா கவனிக்கவில்லை. நல்லவேளை.

"கறுத்துப் போயிடுவா. உள்ள கூட்டிட்டுப் போ."

"அம்மா, இவ பொறந்தப்ப வெயில் பத்தலைன்னு டாக்டர் சொட்டு மருந்து குடுக்கச் சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?"

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இங்கே தினம் 400 யூனிட் வைட்டமின் டி கொடுக்கச் சொல்வார்கள். அப்போதும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், ஏதோ சத்து மருந்து என்று விட்டுவிட்டாள் போல. இப்போதுதான் உறைத்தது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"வெயிலுக்கு மருந்தா?" என்றாள் கடைசியில். "இங்கேர்ந்து ஒரு பார்சல் அனுப்பட்டுமா?"

எங்கள் ஊருக்கு இரண்டே காலம்தான்: வெயில் காலம், கடும் வெயில் காலம். இதை வேலூர்க்காரர்கள் வெளியூர்க்காரர்களிடம் கொஞ்சம் பெருமையாகவே சொல்வோம். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று அடுக்குகிற பழைய கிண்டல் ஒன்றும் உண்டு. கத்திரியில் 40ஐத் தாண்டினால் அது செய்தியே இல்லை. ஊரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி திருப்பித் தரும் என்பார்கள். அந்த ஒரு கடனை மட்டும் யாரும் பாக்கி வைத்ததில்லை. மாலையில் மொட்டை மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் சொய்ங் என்று ஆவி கிளம்பும். அது அடங்கியபிறகு பாய் விரிப்போம்.

கல்லூரிக்கு ஸ்கூட்டியில் போன நாட்களில் துப்பட்டாவைத் தலை முகம் எல்லாம் சுற்றி, கண் மட்டும் தெரிய, முழங்கை வரை உறை மாட்டிக்கொண்டு போவேன். பார்க்கிறவர்களுக்கு வங்கிக் கொள்ளைக்குப் போகிறவள் மாதிரி இருக்கும். எல்லாம் கறுத்துவிடக் கூடாது என்பதற்குத்தான். பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள், தயிர் என்று பூசியதற்குக் கணக்கு இல்லை. அதே ஆள் இப்போது பூனை மாதிரி, வெயில் நகர நகர நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் அதையேதான் செய்கிறார். எங்களுக்குள் ஒரு வசனம்தான் உண்டு. "இது ரொம்ப நாள் நிக்காது" என்பார் அவர். "ஆமா, நிக்காது" என்பேன் நான். ஜூலை முதல் தேதியிலிருந்தே இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், மனிதர்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஜூன் 21ஆம் தேதி இங்கே பகல் பதினேழு மணி நேரம். ராத்திரி பத்து மணிக்கும் சூரியன் தெரியும். குழந்தையைத் தூங்க வைக்க ஜன்னலில் அலுமினியத் தாளை ஒட்டி, பொய்யாக ஓர் இரவைச் செய்து காட்ட வேண்டும். அப்புறம் அது குறையத் தொடங்குகிறது. ஆகஸ்ட் கடைசியில் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு நிமிடம் குறைகிறது. வாரத்துக்கு அரை மணி! டிசம்பருக்கு வந்தால் ஏழரை மணி நேரப் பகல்தான் மிச்சம். வேலூரில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதை யாராவது கவனித்தோமா? மார்கழியில் கொஞ்சம் சீக்கிரம் விளக்கேற்றுவோம், அவ்வளவுதான். இங்கே வந்தபிறகு நான் தினமும் சூரியன் மறையும் நேரத்தைக் கைபேசியில் பார்க்கிறேன். நான்கு நிமிடம். பால்காரன் தினம் ஒரு கரண்டி குறைத்து ஊற்றுவது மாதிரி. சண்டை போடவும் ஆள் இல்லை.

மற்றபடி நன்றாகவே பழகிவிட்டோம். ஆறு வருடம் ஆயிற்று. பனிக்காலத்தில் மாட்டைக் கட்டுவது போல ராத்திரி காரைக் கொண்டு வந்து நிறுத்தி, எஞ்சின் உறையாமல் இருக்க மின்கம்பி செருகுவது கை போன போக்கில் நடக்கிறது. பன்னிரண்டு டிகிரியில் அரைக்கால் சட்டையோடு வெளியே போகும் நிலைக்கு வீட்டுக்காரர் வந்துவிட்டார். ஆகஸ்டில் சாலையோர வண்டிகளில் டேபர் சோளம் வந்தால் டஜன் கணக்கில் வாங்குகிறோம். தெற்கு ஆல்பர்ட்டாவில் விளைவது, சர்க்கரையாக இனிக்கும். அவித்து வெண்ணெய் தடவித் தின்பதுதான் இந்த ஊர் முறை. நாங்களும் அப்படியே தின்கிறோம். என்ன, மூன்றாவது கதிரில் வீட்டுக்காரர் எழுந்து போய் எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் உப்பும் எடுத்து வருவார். நான்காவது கதிரை அடுப்புத் தீயில் காட்டுவார். பழைய பேருந்து நிலையம், கரி அடுப்பு, பனை விசிறி என்று அவர் ஆரம்பித்தால் அன்றைக்குச் சோளத்தோடு தூக்கமும் போச்சு.

ஆற்றங்கரைக்கும் போனோம், பள்ளி திறக்கும் முன் கடைசி சனிக்கிழமை. மகளுக்கு செப்டம்பரில் கிண்டர்கார்டன். வடக்கு சஸ்காச்சுவான் ஆறு ராக்கி மலைப் பனியாற்றில் பிறந்து ஊரின் நடுவே ஓடுகிறது. 2017இல் இங்கே ரயில் பாலம் கட்டுவதற்காக ஆற்றுக்குள் போட்ட கரைகளால் ஓரத்தில் மணல் ஒதுங்கி நின்றது. ஊரே துண்டும் குடையும் தூக்கிக்கொண்டு அங்கே போய்ப் படுத்ததாம். 'ஆக்சிடென்டல் பீச்' என்று பேர் வைத்துவிட்டார்கள், தற்செயலாக வந்த கடற்கரை. வந்த புதிதில் இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆற்றில் மணல் தெரிந்ததற்கா இவ்வளவு? எங்கள் பாலாறு முழுக்க அந்தக் கடற்கரைதான். நாங்கள் அதில் கிரிக்கெட் ஆடினோம், ஊற்று தோண்டினோம், மணல் லாரி போவதைப் பார்த்தோம். தண்ணீர் வந்தால்தான் எங்களுக்குத் தற்செயல்.

சரி, வடகத்துக்கு வருகிறேன்.

அம்மா போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை காதிலேயே நின்றது. வடகம் மாதிரி காயப் போட்டிருக்க. ஏன், உண்மையிலேயே போட்டால் என்ன? இங்கே காற்று வறண்டது. துணி கொடியில் அரை நாளில் காய்ந்துவிடுகிறது. வானிலை அறிக்கை மூன்று நாளைக்கு முழு வெயில் என்றது. அன்று மாலையே மில்வுட்ஸ் பக்கம் போய் ஜவ்வரிசி வாங்கினேன். பாக்கெட்டில் சாபுதானா என்று போட்டிருந்தது. சேலத்திலிருந்துதான் வந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பிரச்சினை வேட்டி. வடகம் பழைய வேட்டியில்தான் பிழிய வேண்டும், ஊற்ற வேண்டும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டி. வீட்டில் அப்பாவுடையது எப்போதும் ஒன்று அதற்கென்றே இருக்கும். இங்கே வீட்டுக்காரரிடம் இருப்பதே இரண்டு. ஒன்று கல்யாணப் பட்டு. இன்னொன்று பொங்கலுக்கும் தமிழ்ச் சங்க விழாவுக்கும் கட்டுவது. அவர் கோயம்புத்தூர்க்காரர், வெயில் என்றால் என்னவென்றே தெரியாத ஊர். வேட்டியைக் கேட்டதும் சொத்தில் பங்கு கேட்டதுபோல் பார்த்தார். "தட்டுல ஊத்தலாமே?" தட்டிலா! தட்டில் ஊற்றினால் வடகத்தின் முதுகில் வேட்டியின் இழை எப்படிப் பதியும்? அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எடுத்துவிட்டேன்.

ராத்திரி ஊறவைத்து, காலையில் கண்ணாடி போல வரும்வரை கிளறி, பச்சை மிளகாயும் சீரகமும் அரைத்துக் கலந்து, கொஞ்சம் எலுமிச்சை. உப்பு குறைவாகத்தான். காய்ந்து சுருங்கும்போது உப்பு ஏறிவிடும், பச்சையாக இருக்கையில் சரியாக இருந்தால் பொரித்ததும் வாயில் வைக்க முடியாது. இதெல்லாம் எனக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை. காலை நான்கு மணிக்கு அம்மா பெரிய அலுமினியச் சட்டியில் கிண்டும்போது தூக்கக் கலக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் தானாக ஒட்டியது. சூடு ஆறுவதற்குள் மாடிக்குக் கொண்டு போவோம். ஏழு மணிக்கு மேல் மாடியில் கால் வைக்க முடியாது. இங்கே பத்து மணிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மரத்தளத்தில் வேட்டியை விரித்தேன்.

மகள் ஒரு சின்னக் கரண்டியில் ஊற்றினாள். எல்லாம் ஒவ்வொரு நாட்டு வரைபடம்.

அடுத்து காவல். சின்ன வயதில் என் ஒரே வேலை அதுதான். கையில் ஒரு குச்சி, பக்கத்தில் விரித்து வைத்த கறுப்புக் குடை, தலையில் அம்மாவின் ஈரத் துண்டு. காக்கை வந்தால் விரட்ட வேண்டும். காக்கை தின்றதைவிட நான் தின்றது அதிகம். மேலே தோல் கட்டி உள்ளே பிசுபிசுவென்று இருக்கும் அரைக்காய்ச்சல் வடகத்துக்கு முன்னால் பொரித்த வடகம் எதற்கு ஆகும்? சாயங்காலம் அம்மா வந்து வேட்டியில் காலியாக இருக்கும் வட்டங்களைப் பார்ப்பாள். "காக்கா ரொம்ப வந்துச்சா?" என்பாள். "ரொம்ப" என்பேன்.

எட்மன்டனில் காக்கையின் இடத்தில் மேக்பை இருக்கிறது. கறுப்புத் தலை, வெள்ளை வயிறு, நீலப் பச்சை மின்னும் நீள வால், கணீரென்று திட்டும் குரல். காக்கைக் குடும்பம்தான், திருட்டில் ஒரு படி மேல். அமாவாசைக்குச் சோறு வைத்தால் இங்கே அதுதான் முதலில் வரும். தாத்தா கனடா வரும்போது வேஷம் மாற்றிக்கொண்டு வருகிறார் என்று வீட்டுக்காரர் வேடிக்கையாகச் சொல்லிவைத்திருந்தார். அது வினையாக முடிந்தது. மகள் கையில் குச்சியைக் கொடுத்து, மேக்பை வந்தால் விரட்டு என்றேன். அவள் குச்சியையும் என்னையும் பார்த்தாள்.

"தாத்தாவ அடிக்கலாமாம்மா?"

அடிக்க வேண்டாம், சும்மா ஓட்டினால் போதும் என்றேன். அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். வேட்டியின் ஓரத்தில் இரண்டு வடகத்தைத் தாத்தாவுக்கு ஒதுக்கிவிட்டு, மீதிக்குக் காவல் இருந்தாள். தாத்தா இரண்டையும் தின்றுவிட்டு மூன்றாவதுக்கு வந்தபோது, "போதும் தாத்தா, உடம்புக்கு ஆகாது" என்று அவள் கத்தியது அடுத்த வீட்டுப் பெரியவருக்கும் கேட்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். இவள் வாயும் அசைந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் நன்றாகக் காய்ந்தது. மூன்றாம் நாள் காலை எழுந்தால் வானம் மஞ்சள். மேற்கே எங்கோ காட்டுத் தீ. சில கோடைகளில் புகை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்துவிடும். சூரியன் ஆரஞ்சுப் பழம் மாதிரி தொங்குகிறது, நேராகப் பார்க்கலாம், சூடு இல்லை. வேட்டியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன். விறகடுப்பு வாசனை லேசாக ஏறியிருந்தது. வீட்டுக்காரர் முகர்ந்து பார்த்து, இதற்காகவே தனியாகக் காசு கேட்பார்கள் என்றார். வேட்டிக்கு அவர் அதற்கு முன்பே திதி கொடுத்திருந்தார்.

மறுநாள் மழை. ஒன்பது டிகிரி. புகை கரைந்தது, கூடவே கோடையும். பின்கட்டு ஆஸ்பென் மரத்தில் ஒரு கிளை மட்டும் மஞ்சளாகியிருந்தது. நேற்று இருந்ததா, மழையில்தான் தெரிந்ததா, சொல்ல முடியவில்லை. ரப்பர் தொட்டியில் காற்றைப் பிடுங்கி மடித்து வைத்தோம்.

அம்மாவை அழைத்து வடகத்தைக் காட்டினேன். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வா என்றாள், திருப்பு என்றாள், ஒன்றை ஒடித்துக் காட்டு என்றாள். ஒடித்தேன். படக்கென்று ஒடியாமல் வளைந்து ஒடிந்தது. வெயிலை விடு, உள்ளே போ என்று போன வாரம் சொன்ன அதே அம்மா, நகைக்கடைக்காரர் மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் வந்திருக்கு. இன்னும் ஒரு வெயில் காயணும்டி."

"இனிமே வெயில் இல்லம்மா."

"ஒரு வெயில்தானே? நாளைக்குப் போடு."

எப்படிச் சொல்வது? சரிம்மா என்றேன்.

அன்று இரவு வீட்டுச் சூடேற்றியை இந்தப் பருவத்தில் முதல் தடவையாகப் போட்டோம். தரையிலுள்ள துவாரம் வழியாக, கோடை முழுக்க உள்ளே சேர்ந்த தூசி கருகுகிற வாசனையோடு, சூடான காற்று மேலே வந்தது. வீட்டுக்காரர் எதுவும் பேசாமல் போய் வேட்டியை எடுத்து வந்து, இரண்டு நாற்காலிக்கு நடுவில் துவாரத்துக்கு மேலே கட்டினார். காற்றில் அது உப்பி உப்பித் தணிந்தது. மகள் தன் குச்சியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்கெல்லாம் மேக்பை வராது பாப்பா. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு. போய்த் தூங்கு."

அவள் வேட்டியைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள்.

"அப்ப நான் யார விரட்டறது? ஜன்னலத் தொறங்க."