அப்பாவின் விரல் வெளிச்சம்

நாலு மாதத்துக்குப் பிறகு முந்தாநாள் ராத்திரி நோர்வூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு நடந்தேன். கூட்டிப் போக வந்த தங்கச்சி மகன் போன் லைட்டைப் போட்டான். "அணைச்சிரு, பாதை தெரியட்டும்" என்றேன். "அணைச்சா எப்படி மாமா தெரியும்?" என்று கேட்டான்.

அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ராத்திரி வேலை, கொழுந்து வாட்டுவது. சின்ன வயதில் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போவேன். டோர்ச்சை அடிக்கவே மாட்டார். படி வந்தால் மட்டும் கண்ணாடியை விரல்களால் இறுக மூடி எரிப்பார். சதை வழியாகச் சிவப்பாக வெளிச்சம் கசியும். அது போதும்.

பிறகு காலித் துறைமுகத்தில் ஒரு நாற்பதடி பாய்மர யாட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். உள்ளே வரைபட மேசைக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. பார்த்ததும் அப்பாவின் விரல்தான் ஞாபகம் வந்தது. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20, 30 நிமிஷம் வேண்டும். வெள்ளை வெளிச்சம் அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும், மங்கிய சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காது. என்ன, வரைபடத்தில் மெஜெந்தா நிறத்தில் அச்சடித்த குறிகள் அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகும்.

இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே பெரிய கப்பல்கள் ஓயாமல் போகும். அங்கே ஒரு ராத்திரி, என்னுடைய காவல் நேரம். தேத்தண்ணி ஊற்றக் கீழே போனவன் பழக்கதோஷத்தில் வெள்ளை லைட்டைப் போட்டுவிட்டேன். மேலே வந்தால் ஒன்றுமே தெரியவில்லை. கொஞ்சநேரம் கழித்து ஓரக்கண்ணில் ஏதோ மின்னியது. நேராகப் பார்த்தால் காணோம், சற்றுத் தள்ளிப் பார்த்தால் இருக்கிறது. இருட்டில் மங்கலான ஒளி கண்ணின் நடுப்பகுதிக்குத் தெரியாது, ஓரத்துக்குத்தான் தெரியும். அப்புறம் தெளிந்தது: ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை, கீழே சிவப்பும் பச்சையும் சேர்ந்து. கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரண்டும் ஒன்றாகத் தெரிவது அதற்கு நேர் முன்னால் நிற்பவனுக்குத்தான்.

ஸ்கிப்பரை எழுப்பினேன். எஞ்சினைப் போட்டார். நான் பாய்மர உச்சியிலுள்ள, சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றும் ஒன்றாயிருக்கும் மூவர்ண விளக்கை அணைத்து, கீழேயுள்ள பக்க விளக்குகளையும் பின்விளக்கையும் பாய்மரத்து வெள்ளை விளக்கையும் எரித்தேன். மூவர்ணம் பாயில் மட்டும் ஓடும்போதுதான் எரியலாம், எஞ்சின் ஓடினால் நாமும் எஞ்சின் படகுதான். வலப்பக்கம் திருப்பினோம். அந்தப் பச்சை மெல்ல மறைந்து, சிவப்பு மட்டும் நின்றது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்ததில் பையன் லைட்டை அணைத்ததை மறந்துவிட்டான். பாதையோரக் கானில் தண்ணீர் மினுங்குவதை அவன்தான் முதலில் காட்டினான். லயத்துப் படி வந்ததும் போனை எடுத்து, லைட்டின் மேல் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினான்.