அம்மாவின் மூச்சை எண்ணிய சிஸ்டர்

அம்மாவுக்கு 68 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. போன மாசியில் இரண்டு நாளாக நீர்க்கடுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் காட்டினோம். காய்ச்சல் இல்லை, உடம்புச் சூடுதான், இளநீர் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை காபியைத் தொடவில்லை. என் மகளை என் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

காரில் ஏற்றிப் புதுச்சேரிக்குப் போனோம். 22 கிலோமீட்டர்தான், அரியாங்குப்பம் நெரிசலிலேயே 20 நிமிடம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நாடி, பிபி, ஆக்சிஜன், உடம்புச் சூடு, மூச்சு, நினைவு எல்லாவற்றையும் டேப்லெட்டில் பதிகிறார்கள். அது ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறது. நியூஸ் ஸ்கோர் என்று பெயர். 5 வந்தால் டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும், 7 என்றால் அவசரம். கேஷுவாலிட்டியில் முதலில் பதிந்தவர் மூச்சு 18 என்று போட்டார். எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. நாடி 112-க்கு 2, பிபி 104-க்கு 1. மொத்தம் 3. ஓரமாக உட்காரச் சொன்னார்கள்.

அடுத்து வந்த சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழுசாக ஒரு நிமிடம் அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினார். 24. அப்புறம் என்னிடம், "அம்மா எப்பவும் இப்படித்தான் பேசுவாங்களா சார்?" என்றார். "வயசாயிடுச்சு சிஸ்டர், ராத்திரி தூக்கமும் இல்ல" என்றேன். என் மனைவி குறுக்கே வந்தாள்: "இல்ல சிஸ்டர், முந்தாநாள் வரைக்கும் அத்தை தெளிவா இருந்தாங்க. பால் கணக்கெல்லாம் அவங்கதான் பார்ப்பாங்க."

மூச்சுக்கு 2, புதிதாக வந்த குழப்பத்துக்கு 3. மொத்தம் 8, திரை சிவப்பானது. இந்த முறையை இங்கிலாந்தில் 2012-ல் கொண்டுவந்தார்கள். 2017-ல் திருத்தியபோதுதான் புதுக் குழப்பத்தையும் சேர்த்தார்கள் என்று டாக்டர் பின்னால் சொன்னார். அந்த 3 மதிப்பெண்ணை நான் என் வாயாலேயே இல்லாமல் செய்யப் பார்த்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

எச்சரிக்கை போன சில நிமிடங்களில் டியூட்டி டாக்டர் வந்தார். செப்சிஸ் சந்தேகம் என்றார். நோய்த்தொற்றை எதிர்க்கப் போய் உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை அது. வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் வருமாம், அம்மாவுக்கு 97.5 டிகிரிதான். இரண்டு கையிலும் கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுத்த பிறகே ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள், ஒரு மணி நேரத்துக்குள். உடம்புக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் 3.1, இரண்டைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். சலைன் ஏறியது, டியூப் போட்டு மணிக்கு மணி சிறுநீரை அளந்தார்கள்.

ஐசியுவில் இரவெல்லாம் ஏதாவது ஒரு மானிட்டர் கத்தும். பக்கத்துப் படுக்கைப் பெரியவரின் விரல் கிளிப் நழுவினாலும் கத்தும். ஒவ்வொரு தடவையும் யாராவது எழுந்து வந்து பார்த்தார்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் கல்ச்சரில் ஈ.கோலை கிருமி என்று வந்தது, மருந்தை மாற்றினார்கள். எட்டாம் நாள் வீடு திரும்பினோம்.

இப்போது சர்க்கரை நோட்டிலேயே மூச்சுக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அதனால் அம்மா தூங்கும்போது மகள் எண்ணுகிறாள். நேற்று 16.