இரண்டு பக்கமும் நனைத்தால்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் மீடியம் ஒன்பதாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். போன ஜனவரியில் பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து ஒரு சோதனை செய்ய வைத்தேன். பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் ஓடுமே, தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் சாம்பல் நிற ஜீவன், அதுதான் கதாநாயகன். ஆங்கிலத்தில் பில் பக். பூச்சி என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் இறால், நண்டு வகையறா. கரைக்கு வந்த பிறகும் செவுள் போன்ற உறுப்பில்தான் மூச்சு, அதனால் ஈரம் இல்லாமல் பிழைக்காது. வகுப்பில் அதற்கு ‘உருண்டை’ என்று பேர் வைத்தாயிற்று.

பிடித்து வரச் சொன்னதில் பாதிப் பேர் மரவட்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்தார்கள். காலை எண்ணுங்கள், ஏழு ஜோடி இருந்தால்தான் உள்ளே என்றேன். அதற்கே ஒரு பீரியட் போயிற்று.

எட்டுக் குழு, குழுவுக்கு ஐந்து பேர், ஒரு ஸ்வீட் டப்பா, பத்து உருண்டை. டப்பாவின் அடியில் ஒரு பாதிக்கு நனைத்த நியூஸ்பேப்பர், மறுபாதிக்குக் காய்ந்தது. நடுவில் விட்டு, பத்து நிமிடத்துக்கு நிமிடம் ஒரு தடவை எண்ண வேண்டும். ஒரு குழு ஒன்பதுதான் இருக்கிறது என்று அலறியது. ஒன்று பேப்பருக்கு அடியில் புகுந்துவிட்டது. அதை எந்தப் பக்கக் கணக்கில் எழுதுவது என்று அங்கே ஒரு பஞ்சாயத்து.

கடைசியில் எல்லாக் குழுவிலும் ஈரப் பக்கம்தான் கூட்டம். ‘உருண்டைகள் ஈரத்தை விரும்புகின்றன’ என்று நாற்பது நோட்டிலும் ஏறியது. எனக்கும் திருப்திதான்.

அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், “டீச்சரே, ரெண்டு பக்கமும் நனைச்சுட்டு விட்டா என்ன பண்ணும்?” என்றாள்.

மறுநாள் அப்படியே செய்தோம். இரண்டு பக்கமும் ஈரம். அப்போதும் பெரும்பாலானவை பழைய பக்கத்துக்கே போயின! பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். தண்ணீர் மக் பெஞ்சின் உள்பக்கம் இருந்ததால் முதல் நாள் எட்டுக் குழுவும் அந்தப் பாதியைத்தான் நனைத்திருந்தது. வெளிச்சம் வந்தது மறுபக்கம். இவை இருட்டைத் தேடும் ஜாதி. அப்படியானால் நேற்று நாங்கள் எண்ணியது ஈரத்தையா, நிழலையா? தப்பு பிள்ளைகளுடையது இல்லை; மக்கை அங்கே வைத்தது நான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒன்று ஒரு மூலையில் நின்றால் நாலு அங்கே வந்து சேரும். ஆகவே பத்து உருண்டை என்பது பத்து சாட்சி இல்லை. ஒரு டப்பாவுக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

மூன்றாம் தடவை டப்பாக்களைக் கறுப்புத் துணியால் மூடி, எண்ணும்போது மட்டும் திறந்தோம். நாலு குழுவுக்கு ஈரம் ஜன்னல் பக்கம், நாலு குழுவுக்கு உள்பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காய்ந்த கிழக்குக் காற்றில் ஜனவரியில் நம் உதடே வெடிக்கும், பேப்பர் எம்மாத்திரம்? அதனால் மூடியையும் போட்டோம். இந்தத் தடவை கூட்டம் ஈரத்தோடு இடம் மாறியது.

அப்புறம் ஒரே ஒரு உருண்டையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். காய்ந்த பாதியில் விறுவிறுவென்று ஓடிக்கொண்டே இருந்தது, ஈரத்தில் கால் பட்டதும் வேகம் குறைந்து நின்றது. ஒரு பையன் சொன்னான்: “அது தேடிப் போகல டீச்சர். சும்மா ஓடுது. ஈரம் வந்தா நின்னுடுது.” இதற்குக் கைனெசிஸ் என்று பேர். பேரைச் சொல்லாமலே அவன் பிடித்துவிட்டான். நோட்டில் ‘விரும்புகின்றன’ என்பதை அவனே அடித்தான்.

முடிவு தெரிந்த சோதனைக்கு நாலு பீரியடா என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் கேட்டார். எந்த முடிவு என்று கேட்க வாய் வந்தது, டீயைக் குடித்துவிட்டேன்.

உருண்டைகளைத் தேங்காய் மட்டைக்கு அடியில் கொண்டுபோய் விட்டு, எல்லோரும் கை கழுவினோம். இந்த வருஷம் அவை நிறையக் கிடைக்கும் ஜூலையில் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை. ஆனால் மழைக்காலத்தில் காய்ந்த பக்கம் ஒன்றை உண்டாக்குவதுதான் பாடு. லேபில் இருக்கும் கால்சியம் குளோரைடு போத்தலைத் திறந்து பார்த்தேன், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து அதுவே தண்ணீராகிக் கிடக்கிறது. புதுச் செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இதுவரை பதினொன்று வந்திருக்கிறது.