அப்பா வாட்சுக்கு நான் போட்ட பாலிஷ்

அப்பாவின் வாட்சைத் திருப்பிப் பார்த்தால் பின்மூடியில் ஒரு விலங்கு இருக்கும். முன்பாதி குதிரை, பின்பாதி மீன். 1960களில் வந்த ஒமேகா சீமாஸ்டர் அது. சின்ன வயதில் அந்தக் குதிரையின் பிடரியைக் கட்டைவிரல் நகத்தால் வருடிப் பார்ப்பேன். ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நகத்தில் தட்டும். இப்போது அதே இடத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போகிறது. பிடரி இல்லை, கழுத்தும் பாதி இல்லை. வால் மட்டும் லேசாக நெருடுகிறது. அதைத் தேய்த்து அழித்தது நான்தான். ஆசைப்பட்டு, காசு கொடுத்து, நாலு நாள் காத்திருந்து அழித்தேன்.

அப்பா போய் ஆறு மாதம் கழித்து வாட்ச் என் கைக்கு வந்தது. கண்ணாடி முழுக்கக் கீறல். வெள்ளி நிற டயல் பழுப்பேறி, நாலு மணிக்குப் பக்கத்தில் துரு நிறத்தில் ஒரு திட்டு. புது வேலையில் சேரும் அன்று அதைக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு ஆசை. ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, "புதுசு மாதிரி பண்ணிக் கொடுங்க" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. அவர் நான் சொன்னதைத்தான் செய்தார்.

பாலிஷ் என்றால் அழுக்கை எடுப்பது என்று அன்றைக்கு நினைத்திருந்தேன். சுற்றும் சக்கரத்தில் எஃகை வைத்து அழுத்தினால் கீறல் மட்டும் தனியாகப் போகாது. கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழத்துக்குச் சுற்றியிருக்கும் உலோகமும் சேர்ந்து போகும். அதிலும் முதலில் போவது மேடான பகுதிதான். அதனால்தான் குதிரையின் தலையும் பிடரியும் முதலில் போயின. வார் மாட்டும் காதுகளின் மேல் சரிவாக ஒரு வெட்டு இருக்கும்; கத்தி முனை மாதிரி ஒரு கோடு ஓடும். வெளிச்சம் படும்போது வாட்சுக்கு உயிர் கொடுப்பதே அந்தக் கோடுதான். அது கரைந்து, காதுகள் பாதி தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி உருண்டுவிட்டன.

டயலையும் புதிதாக எழுதியிருந்தார்கள். பழைய பூச்சு முழுவதையும் கரைத்து எடுத்துவிட்டு, மேலே புது நிறம் அடித்து, எழுத்துகளைத் திரும்ப அச்சிடும் வேலை அது. வாங்கிய அன்று பளபளவென்று இருந்தது, உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். சில வாரம் கழித்து ஒரு பூதக்கண்ணாடி கையில் கிடைத்தபோதுதான் பார்த்தேன். 'சீமாஸ்டர்' என்ற பெயர் அந்த வாட்சுகளில் கையால் எழுதியது போலச் சாய்ந்து, மெலிந்து, ஒரே இழுப்பில் ஓடும். இதில் எழுத்து தடித்துப்போய், முதல் எழுத்தின் வளைவில் மை அப்பியிருந்தது. நிமிடக் கோடுகள் சில இடங்களில் மணிக்கோட்டோடு சேரவில்லை. ஆறு மணிக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த 'ஸ்விஸ் மேட்' காணாமலே போயிருந்தது.

பின்னாளில் வேறொரு ரிப்பேர்காரரிடம் அதை எடுத்துப் போனேன். வயதானவர். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"யார் தம்பி இப்படிப் பண்ணது?"

"நான்தான் பண்ணச் சொன்னேன்."

லென்ஸை எடுத்து மேசையில் வைத்தார். வாட்சைக் காதருகில் பிடித்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஓட்டம் நல்லா இருக்கு" என்றார். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடிச் சொன்ன வார்த்தை அது என்று புரிந்தது.

நடிகரும் கார் பந்தய வீரருமான பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா வாட்ச் 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஏலம் போனது. அதன் பின்மூடியில், கவனமாக வண்டி ஓட்டச் சொல்லி அவர் மனைவி ஜோஆன் உட்வர்ட் பொறித்துக் கொடுத்த வாசகம் இருந்தது. யாராவது எப்போதாவது "பழசாக இருக்கிறதே" என்று அதைச் சக்கரத்தில் வைத்திருந்தால் அந்த வார்த்தைகள் என்ன ஆகியிருக்கும்? அதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. என் வாட்சுக்கு ஏல மதிப்பெல்லாம் கிடையாது, சரி. ஆனால் அந்தக் கீறல்களை யார் போட்டார் என்று எனக்குத் தெரியும். அது போதுமான மதிப்பு.

இத்தனைக்கும் அந்த வாட்சுக்கு வெளியே தேவைப்பட்டது கண்ணாடி வேலை மட்டும்தான். அந்தக் காலத்து வாட்சுகளில் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் கண்ணாடிதான். அதன் மேலோட்டமான கீறலைக் கொஞ்சம் பாலிஷ் பேஸ்ட் தடவி துணியால் தேய்த்தே எடுத்துவிடலாம். உள்ளே சுத்தம் செய்து எண்ணெய் போட்டிருந்தால் வேலை முடிந்தது. இப்போதெல்லாம் சர்வீசுக்குக் கொடுத்தால் ரசீதிலேயே 'பாலிஷ் வேண்டாம், டயலையும் முள்ளையும் தொட வேண்டாம், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்' என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். எழுத்தில் இருந்தால் நிற்கும்.

இரண்டாவது தவறு தண்ணீரில். இது என் சொந்த வாட்ச், பல வருடம் சேமித்து வாங்கியது. தண்ணீர் தாங்கும் அளவு 200 மீட்டர் என்று டயலிலேயே போட்டிருக்கும். பக்கத்தில் இருக்கும் கிரவுனை, அதாவது நேரம் மாற்றும் குமிழை, திருகி மூட வேண்டும். முதல் நாள் இரவு நேரத்தைச் சரி செய்துவிட்டு கிரவுனை உள்ளே தள்ளினேன், திருகவில்லை. மறுநாள் நீச்சல் குளத்தில் ஒரு மணி நேரம். சாயங்காலம் பார்த்தால், டயலில் 12 இருக்கும் இடத்துக்கு மேலே கண்ணாடிக்குள் விரல் நுனி அளவுக்கு ஒரு மூட்டம். வெயிலில் வைத்தேன், மறைந்தது. அப்பாடா என்று விட்டுவிட்டேன். அந்த 'அப்பாடா'தான் குளத்தைவிடப் பெரிய தவறு. மூட்டம் மறைந்தால் தண்ணீர் வெளியே போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆவியாகி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. பத்து நாள் கழித்துத் திறந்தபோது கிரவுன் தண்டிலும் அதைச் சுற்றியுள்ள சின்ன லீவர்களிலும் செந்துரு. அன்றைக்கே ஓடிப்போய்த் திறந்து உலர்த்தியிருந்தால் ஒரு பாகம்கூட மாற்ற வேண்டியிருந்திருக்காது.

திருகி மூடும் கிரவுனோடு ரோலெக்ஸ் தன் ஆய்ஸ்டர் வாட்சைக் கொண்டுவந்தது 1926இல். அடுத்த வருடம் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இங்கிலீஷ் கால்வாயில் 10 மணி நேரத்துக்கு மேல் நீந்தினார். குளிர் தாங்காமல் அவரைப் படகில் ஏற்ற வேண்டி வந்தது, ஆனால் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனையும் அந்தத் திருகை நம்பித்தான். நான் அதை விரலால் நாலு சுற்று சுற்றாமல் விட்டேன்.

மீட்டர் கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று அர்த்தமில்லை. அது சோதனையில் கொடுக்கும் அசையாத அழுத்தத்தின் கணக்கு, அதுவும் வாட்ச் புதிதாக இருக்கும்போது. உள்ளே தண்ணீரைத் தடுப்பது மெல்லிய ரப்பர் வளையங்கள். வருடம் ஆக ஆக அவை இறுகும், வெடிக்கும். வெந்நீர், நீராவி, சோப்பு எல்லாம் அதைச் சீக்கிரம் கெடுக்கும். குளிக்கும்போது கழற்றி வைப்பதில் என்ன கஷ்டம்? கடலில் இறங்கினால் வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வருடத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை செய்யுங்கள், சில நிமிட வேலைதான்.

தேதி மாற்றுவது இன்னொன்று. பல வாட்சுகளில் இரவு 9 மணியிலிருந்து விடிகாலை 3 மணி வரைக்கும் தேதிச் சக்கரத்தை நகர்த்தும் பற்கள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் கிரவுனை இழுத்துத் தேதியைத் தள்ளினால் பல் உடையலாம். என் நண்பர் ஒருவர் படுக்கப் போகும் முன் 31ஐ 1 ஆக்கப்போய் அப்படித்தான் உடைத்தார். முள் காட்டுவது பகலா இரவா என்று தெரியவில்லை என்றால், தேதி தானாக மாறும் வரை முள்ளைச் சுற்றி, பிறகு 6 மணிக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு தேதியைத் தொடுங்கள்.

அப்புறம் காந்தம். ஒரு வாரமாக வாட்ச் தினம் சில நிமிடம் முன்னால் ஓடுகிறது, முழு சர்வீஸ் செய்ய வேண்டுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தால், இரவில் அதை டேப்லெட் உறையின் மேல் வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அந்த உறையில் காந்தம் இருந்தது. தலைமுடி போன்ற ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தம் ஏறினால் ஒன்றோடொன்று ஒட்டும். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகி, அதோடு சேர்ந்து ஆடும் பேலன்ஸ் வீல் என்ற சக்கரம் வேகமாக ஆடும். காந்தத்தை நீக்கும் கருவியில் வைத்தால் சில நொடியில் சரியாகிவிடும்.

சர்வீசைத் தள்ளிப்போடுவதும் நிறைய பேர் செய்வதுதான். "நல்லாத்தானே ஓடுது" என்பார்கள். இன்றைய வாட்சுகள் பலவற்றில் பேலன்ஸ் வீல் நொடிக்கு 8 துடிப்பு, ஒரு நாளைக்கு 6,91,200. எண்ணெய் காய்ந்த பிறகும் அது ஓடத்தான் செய்யும், உலோகம் உலோகத்தைத் தின்றுகொண்டே.

அப்பா தினமும் காலையில் வாட்சைக் கையிலிருந்து கழற்றித்தான் சாவி கொடுப்பார். இடது உள்ளங்கையில் வைத்து, வலது கை விரல்களால் மெதுவாக, இறுகும் இடம் வந்ததும் நிறுத்திவிடுவார். கட்டியபடியே சாவி கொடுத்தால் விரல் சாய்வாக இழுக்கும், தண்டு ஒரு பக்கமாகத் தேயும். இது எனக்கு நாற்பது வயதில் தெரிந்தது. அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்டதே இல்லை.

லேசர் வெல்டிங்கில் எஃகை ஏற்றி, காதுகளின் அந்தக் கோட்டைத் திரும்ப வெட்டிக் கொடுக்க முடியும் என்று அந்த வயதான ரிப்பேர்காரர் சொன்னார். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். இரண்டு மாதம் யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனி அதன் மேல் என் கீறல்கள் விழட்டும்.

பழைய டயல் எப்படி இருந்தது என்று பார்க்க ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. அப்பா ஒரு கையால் என்னைத் தூக்கி வைத்திருக்கிறார், சட்டைக் கையை மடித்துவிட்டிருக்கிறார், மணிக்கட்டில் வாட்ச். அதை ஸ்கேன் செய்து, முடிந்த அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். முள் இரண்டும் தெரிகின்றன, பத்தேகால் மணி. டயல் வெறும் வெளுத்த வட்டமாகத்தான் இருக்கிறது.