ஆதார் இல்லாத ஏழு பேருக்குத் தடுப்பூசி

காவேரிப்பட்டினம் பக்கம், அறிவுசார் குறைபாடு உள்ள ஆண்கள் தங்கியிருக்கும் ஓர் இல்லத்தில் நான் பராமரிப்பாளர். வீடு காரிமங்கலத்தில். பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்தான், ஆனால் நடுவில் மாவட்ட எல்லை இருக்கிறது. 2020 மார்ச் 24 இரவு கொரோனா ஊரடங்கு அறிவித்ததும், போனால் திரும்பி வர முடியாது என்று புரிந்துவிட்டது. நானும் இன்னும் மூன்று பேரும் இல்லத்திலேயே தங்கிவிட்டோம். ஜூன் 1 அன்று தர்மபுரியையும் கிருஷ்ணகிரியையும் ஒரே மண்டலத்தில் சேர்த்து பஸ் விட்ட பிறகுதான் என் பிள்ளைகளைப் பார்த்தேன்.

மே மாதத் தொடக்கம் வரை கிருஷ்ணகிரி பச்சை மண்டலம், அதாவது தொற்று இல்லாத மாவட்டம். ஊரில் கொஞ்சம் தைரியமாக இருந்தார்கள். நாங்கள் கேட்டைத் திறக்கவே இல்லை. ஒரு அம்மா மாம்பழத்தோடு வந்து வெளியே நின்று அழுதார். வீடியோ காலில் அவர் முகத்தைக் காட்டினோம். மகன் போனைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் அம்மாவைத் தேடினான். அதற்கப்புறம் குரலை மட்டும் கேட்க வைத்தோம். அது அவனுக்குப் போதுமாக இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு ‘ருசி தெரியவில்லை, தொண்டை வலிக்கிறது’ என்று சொல்லத் தெரியாது. களி உருண்டையைத் தொடாமல் ஒருவர் எழுந்தால் உடனே காய்ச்சல் பார்ப்போம். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரின் சிவப்பு வெளிச்சம் எல்லோருக்கும் பிடித்துப்போய், விரலை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

2021 மார்ச் 1 முதல் 45 வயதுக்கு மேல் இணைநோய் உள்ளவர்களுக்குத் தடுப்பூசி என்றபோது, அந்தப் பட்டியலில் அறிவுசார் குறைபாடும் இருந்தது. மே மாதம் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் என்றார்கள். சிக்கல் ஏழு பேருக்குத்தான். ஓசூர் பஸ் ஸ்டாண்டிலும் டோல்கேட் பக்கத்திலும் போலீஸார் மீட்டுக் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். ஊர் தெரியாது. பெயரே நாங்கள் வைத்தது. ஒருவரை எப்படிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார், ‘சாமி’ என்றால் மட்டும் சிரிப்பார். அதனால் அவர் சாமி.

ஓரிடத்தில் ஆதார் இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நெருக்கமாக ஒரே ஹாலில் படுப்பவர்களில் இந்த ஏழு பேரை மட்டும் எப்படி விடுவது? எனக்குக் கோபத்தில் அழுகையே வந்தது. அப்புறம்தான், அடையாள அட்டை இல்லாதவர்களுக்கென்று மத்திய சுகாதார அமைச்சகம் மே 6-ம் தேதி வழிமுறை வெளியிட்டிருப்பது எங்கள் பொறுப்பாளருக்குத் தெரியவந்தது. பெயர், பிறந்த ஆண்டு, பாலினம் இருந்தால் போதும், அட்டையுள்ள ஒருவர் அவர்களுக்காகப் பொறுப்பேற்றால் தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் பதியலாம். அதை அச்செடுத்து, பட்டியலோடு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறந்த ஆண்டுக்கு, டாக்டர் பார்த்துக் கணித்த வயதை வைத்துக்கொண்டோம்.

பேப்பர் வேலை நடந்தபோது நாங்கள் வேறு வேலையைத் தொடங்கினோம். தினமும் குளித்து முடித்ததும் தோளில் ஈரத் துணியால் துடைத்து, பேனா மூடியால் லேசாக அழுத்தி, ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ எண்ணி, ஒரு கடலை மிட்டாய். முதல் நாள் சாமி என் கையைத் தட்டிவிட்டு ஓடினார். பத்தாவது நாள் அவரே சட்டைக் கையை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஜூலையில் குழு இல்லத்துக்கே வந்தது. எனக்கு இரண்டாம் தவணைக்கு நாள் வந்திருந்ததால், எல்லோரும் பார்க்க முதலில் நான் போட்டுக்கொண்டேன். சிஸ்டரும் எங்களைப் போலவே எண்ணிப் போட்டார். சாமி ‘மூணு’க்கு முன்னாலேயே மிட்டாய்க்குக் கை நீட்டினார்.

காய்ச்சல் வந்தால் வலிப்பு உள்ளவர்களுக்கு அது கூடிவிடலாம். வலிப்பு மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்து, அன்று இரவு முழுக்க முறைவைத்து விழித்திருந்தோம். இரண்டு பேருக்குக் காய்ச்சல் அடித்தது, விடிவதற்குள் விட்டுவிட்டது.

அடுத்த தவணைக்கு 84 நாள். மறுநாள் காலையும் குளித்த கையோடு பேனா மூடியை எடுத்துக்கொண்டேன்.