சோலார் மானியமும் அம்மாவின் இனிஷியலும்

அம்மாவின் வங்கிக் கணக்கில் 78,000 ரூபாய் மானியம் ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது. மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீட்டு மாடியில் சோலார் போட நினைப்பவர்களுக்கு, அதிலும் மார்த்தாண்டம், களியக்காவிளை, கொல்லங்கோடு என்று கேரள எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்கு, நாங்கள் பட்ட பாடு கொஞ்சம் உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

திட்டம் பலருக்கும் தெரிந்ததுதான். மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000, அதோடு சரி. 2024 பிப்ரவரியில் தொடங்கியது, 2026-27 நிதியாண்டு வரை உண்டு. தேசிய போர்ட்டலில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்வது, விண்ணப்பம் போடுவது எல்லாம் ஒரு மாலை நேர வேலை. 10 கிலோவாட் வரைக்கும் சாத்தியக்கூறு ஆய்வு என்று யாரும் வந்து நிற்க வேண்டியதில்லை, தானாகவே அனுமதி ஆகிவிடுகிறது. இதிலெல்லாம் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

எங்களைப் படுத்தி எடுத்தது அம்மாவின் இனிஷியல்.

எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணத்தின்போது பெண்ணுக்கு வீடோ நிலமோ எழுதிக் கொடுப்பது வழக்கம். எங்கள் வீடும் அப்படி வந்ததுதான். தாத்தா அம்மா பெயரில் பத்திரம் முடித்தபோது அம்மாவுக்குத் தாத்தாவின் இனிஷியல். அந்தப் பத்திரத்தை வைத்து வாங்கியதால் மின் இணைப்பிலும் வீட்டு வரி ரசீதிலும் அதே இனிஷியல். பிறகு எடுத்த ரேஷன் கார்டு, ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றிலும் அப்பாவின் இனிஷியல். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த இரண்டு பெயர்களோடும் அம்மா எந்தச் சிக்கலும் இல்லாமல் இருந்திருக்கிறார். கரண்ட் பில் கட்டுவதற்கு யார் இனிஷியல் பார்க்கிறார்கள்?

சோலாருக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோதுதான் விஷயம் வெடித்தது. 3 கிலோவாட் வரைக்கும் 2 லட்சம் ரூபாய்க்குள் அடமானம் எதுவும் இல்லாமல் கொடுக்க வேண்டிய கடன் இது. வட்டி, ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும், நாங்கள் வாங்கியபோது 6 சதவீதத்தை ஒட்டி இருந்தது. வங்கியின் பெயர் வேண்டாம். அந்தக் கிளையில் கடன் பிரிவில் இருந்தவர் கரண்ட் பில்லையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அம்மா, இது ரெண்டு பேரு. இந்த வீட்டுக்காரங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். வீட்டுக்காரியே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அம்மாவின் முகம் சுருங்கியதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. அதோடு விட்டாரா? "இந்த சோலார் லோன் எல்லாம் ரொம்ப இழுக்கும், பெர்சனல் லோனா எடுத்துக்கங்க, நாளைக்கே போட்டுத் தர்றேன்" என்றார். அதன் வட்டி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால் தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள். அரசுத் திட்டக் கடன்களுக்கான ஜன் சமர்த் போர்ட்டல் வழியாக நீங்களே விண்ணப்பித்து, அந்த எண்ணோடு கிளைக்குப் போனால் 'இங்கே அந்தத் திட்டம் இல்லை' என்ற பேச்சு வராது.

பெயரை எங்கே திருத்துவது என்பதில் அடுத்த சுற்று. ஆதாரை மாற்றலாம் என்றால் அப்புறம் பான், ரேஷன், பாஸ்புக் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதனால் மின் இணைப்பை ஆதாருக்கு ஏற்றபடி மாற்றுவது என்று முடிவு செய்தோம். அதற்கு ஆதாரமாக வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். பத்திரத்தில் இருப்பதோ பழைய இனிஷியல். வீட்டு வரியை மாற்றிக்கொண்டு வரலாம் என்று போனால் அங்கேயும் பத்திரம்தான் கேட்கிறார்கள். செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தோம். வாரிசுச் சான்று வாங்குங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். உயிரோடு இருக்கிறவருக்கு யார் வாரிசு?

வழி காட்டியது பங்குக் கோயில் பதிவேடு. எங்கள் அத்தைதான் சொன்னார், "கல்யாணத்தன்னைக்கு கோயில்ல கையெழுத்து போட்டோம்லா, அதுல அப்பன் பேரும் இருக்கும், மாப்பிள பேரும் இருக்கும்" என்று. பங்குத்தந்தையிடம் கேட்டோம். அலமாரியிலிருந்து தடித்த பேரேட்டை எடுத்து, அந்த வருஷத்துப் பக்கத்தைப் புரட்டி, நீல மையில் எழுதியிருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். மணமகளின் பெயர், அவள் தகப்பன் பெயர், மணமகனின் பெயர், எல்லாம் ஒரே வரியில். அதற்குச் சான்று நகல் எழுதிக் கொடுத்தார். அத்துடன் ரேஷன் கார்டு, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட உறுதிமொழி, வீட்டுப் பத்திர நகல் எல்லாவற்றையும் சேர்த்து மின்வாரிய அலுவலகத்தில் கொடுத்தோம். அங்கிருந்த பொறியாளர் அந்தத் திருமணச் சான்றை ஒரு முறை வாசித்துவிட்டு, "இதுல ரெண்டு பேரும் இருக்கே, இது போதும்" என்றார். பெயர் மாறியது. அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வருகிற வழியில் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார்.

உங்கள் அம்மாவுக்கோ மனைவிக்கோ இதே நிலைமை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. முதல் வேலையாக கரண்ட் பில், ஆதார், பாஸ்புக் மூன்றையும் மேஜையில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மற்ற மதத்தவர் என்றால் பதிவுத் திருமணச் சான்றில் இரண்டு பெயர்களும் இருக்கும். போர்ட்டலில் கை வைப்பது அதற்கு அப்புறம்.

அடுத்தது பேனல் போடுகிறவர்கள். கேரளாவில் கூரை சோலார் எங்களுக்கு முன்பே வேகம் பிடித்துவிட்டது. அதனால் திருவனந்தபுரம் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்து விலை சொல்கிறவர்கள் அதிகம். ஒருவர் வந்து மாடியை அளந்து, படம் எடுத்து, நல்ல விலையும் சொன்னார். முன்பணமும் கேட்டார். நான் போர்ட்டலில் நம்முடைய மின் பகிர்மானத்துக்கு உரிய விற்பனையாளர் பட்டியலைத் திறந்து தேடினால் அவர்கள் பெயரே இல்லை. கேட்டதற்கு, "அது குழப்பமில்ல சாரே, நாகர்கோவிலில் நம்ம ஆள் ஒருத்தர் உண்டு, அவர் பேரில் பில் போடாம்" என்றார். பட்டியலில் இல்லாதவர் போட்டால் மானியம் கிடையாது. வேறொருவர் பெயரில் பில் போட்டால் நாளைக்கு இன்வெர்ட்டர் நின்றுபோகும்போது யாரைப் பிடிப்பது? பணம் கொடுக்கவில்லை.

பட்டியலில் இருந்த ஒருவரைப் பிடித்தோம். அங்கேயும் ஒரு பள்ளம் காத்திருந்தது. இந்த மானியத்துக்கு டி.சி.ஆர். பேனல்தான் போட வேண்டும், அதாவது பேனல் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து செல்லை இறக்கி இங்கே பேனலாகக் கோத்தால் அதிலும் 'மேட் இன் இந்தியா' என்றுதான் இருக்கும், விலையும் குறைவு. எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிய பேனல்கள் அந்த ரகம். ஒப்பந்தத்தில் டி.சி.ஆர். என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களே இதை அனுப்பினார்கள். பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் வரிசை எண்ணையும் மாடல் எண்ணையும் நான் படம் எடுத்துக்கொண்டு, இந்த எண்கள் எல்லாம் உள்ள டி.சி.ஆர். சான்றிதழைக் கொடுங்கள் என்று கேட்டேன். இன்று தருகிறேன், நாளை தருகிறேன் என்றார்கள். சான்றிதழ் வராமல் ஒரு பேனலையும் மாடிக்கு ஏற்ற விடமாட்டோம் என்று அம்மா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். லாரி திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போனது. சரியான பேனல்கள் வர மேலும் நாளானது, ஆனால் ஏற்றிய பிறகு தெரிந்திருந்தால் 78,000 ரூபாயும் போயிருக்கும். பேனல் இறங்கும் அன்று வீட்டில் ஒரு ஆள் கட்டாயம் இருங்கள்.

இன்னொன்று, ஒக்கி. 2017 நவம்பர் கடைசியில் வந்த அந்தப் புயலில் குமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அம்மா அதை மறக்கவில்லை. "மக்களே, ஒக்கி மாதிரி வந்தா இதுல லைட்டு எரியுமா?" என்று கேட்டார். விற்பனைக்கு வந்த ஆள் கொஞ்சமும் யோசிக்காமல் "எரியும் அம்மா" என்றார். எரியாது. பேட்டரி இல்லாமல் போடும் ஆன்கிரிட் சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியரின் உயிருக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள், அது சரியும்கூட. கரண்ட் போனாலும் வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போட வேண்டும், செலவு நன்றாகவே கூடும், மானியம் அதற்காகக் கூடாது. நாங்கள் பழைய வீட்டு இன்வெர்ட்டரைத் தனியாக வைத்துக்கொண்டோம். விற்க வருகிறவர்கள் இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒக்கியைப் பார்த்த ஊரில் வந்து பொய் சொல்வது பெரிய பாவம்.

மாடி பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கம் மழைக்குப் பயந்து மொட்டை மாடிக்கு மேல் இரும்புச் சட்டம் வைத்து ஷீட் போட்டிருப்போம். அந்தச் சட்டம் பேனல் எடையையும் காற்றையும் தாங்குமா என்று வெல்டரை ஏற்றிப் பார்த்த பிறகே சம்மதியுங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் கால்வனைஸ் செய்த ஸ்டாண்டுதான், பெயின்ட் அடித்த இரும்பு வேண்டாம், உப்புக்காற்று விடாது. தென்னை ஓலையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் உற்பத்தி குறையும். எங்கள் வீட்டுத் தெற்கு மூலைத் தென்னையை வெட்ட அம்மா சம்மதிக்கவில்லை, பேனலைத்தான் தள்ளிப் போட்டோம்.

இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு 3 கிலோவாட்டுக்குக் குறைவாக இருந்தால் அதையும் கூட்ட வேண்டியிருக்கும், பழைய வீடுகளில் அநேகமாகக் குறைவாகத்தான் இருக்கும். லைனிலிருந்து வரும் கரண்டையும் நாம் லைனுக்குக் கொடுக்கும் கரண்டையும் அளக்கும் நெட் மீட்டருக்குக் காத்திருந்தோம், வந்து மாட்டினார்கள், பேனலோடு அம்மாவை நிற்க வைத்து இடக்குறிப்புடன் படம் எடுத்து ஏற்றினார்கள். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

மானியக் கோரிக்கையில் வங்கி விவரம் கொடுத்ததும் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. மறுபடியும் பெயர்! இந்த முறை வங்கிக் கணக்கில் அம்மா பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்து கூடுதல். கணக்கு தொடங்கிய நாளில் கவுண்டரில் இருந்தவர் தட்டியது. திருத்தப் போனால் சர்வர் இல்லை, மேலாளர் இல்லை, சாப்பாட்டு நேரம். கடைசியில் எழுத்து மூலமாக மனு கொடுத்து, அதன் நகலில் சீல் போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். சீல் என்றதும் வேலை நடந்துவிட்டது, அங்கேயே உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார்கள். எந்த அலுவலகமானாலும் இதைச் செய்யுங்கள். அம்மாவின் கணக்குக்குச் செக் புத்தகம் கிடையாது, பாஸ்புக்கின் முதல் பக்கத்தைத் தெளிவாக ஸ்கேன் செய்து ஏற்றினோம், ஏற்றுக்கொண்டார்கள். மறு கோரிக்கைக்குப் பிறகு பணம் வந்தது.

இதோடு ஒப்பிட்டால் நான் 2025 பிப்ரவரியில் எடுத்த மின்சார ஸ்கூட்டர் மானியம் ஒன்றுமேயில்லை. பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் அப்போது பேட்டரியின் ஒரு கிலோவாட்-ஹவர் (kWh) திறனுக்கு 5,000, அதிகபட்சம் 10,000 ரூபாய். ஷோரூமில் ஆதார் வைத்து முகத்தைப் படம் எடுத்தார்கள், போனுக்கு இ-வவுச்சர் வந்தது, கையெழுத்துப் போட்டேன், பில்லிலேயே கழித்துவிட்டார்கள். ஏப்ரலில் அது பாதியாகிவிட்டது. தமிழ்நாட்டில் அப்போது சாலை வரியும் முழுவதும் விலக்கு. பாறசாலையில் இருக்கும் என் அத்தை மகன் மார்த்தாண்டத்தில் வாங்கி அந்த விலக்கைப் பெறலாமா என்று கேட்டான். முகவரி கேரளா என்றால் பதிவு அங்கேதான், வரியும் அங்கத்தியதுதான், அதற்காகப் பொய் முகவரி கொடுக்க வேண்டாம்.

வெயில் நன்றாக அடிக்கும் நாளில் எங்கள் 3 கிலோவாட் 12 யூனிட்டை ஒட்டித் தருகிறது. ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் நன்றாகக் குறையும், இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம் இது. அதையும் கணக்கில் வைத்தே வாங்குங்கள். முழுப் பணத்தையும் பேனல் மாட்டிய அன்றே கொடுத்துவிடாதீர்கள், நெட் மீட்டர் ஓடத் தொடங்கும் வரை ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். ஐந்து வருஷப் பராமரிப்பு திட்டத்தின்படி அவர்கள் பொறுப்பு. அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கி, பேனல் வரிசை எண்களையும் டி.சி.ஆர். சான்றையும் அதே ஃபைலில் வையுங்கள்.